மாஸ்க்கை இறக்கச் சொன்னவன்

மண்டபங்களில் என்னைக் காணும் ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "எங்கை அண்ணை உங்கடை சோடி? கிளிபோட்டைக் காணேல்லை." முழங்கால் வருத்தம் என்று கொஞ்சக் காலம் சொன்னேன். பிறகு ஓய்வு எடுத்துவிட்டான் என்றேன். ஐம்பத்தாறு வயதில் ஓய்வெடுக்க அவன் என்ன வங்கி மனேஜரா? கிளிபோட் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி அடுக்குகிறான். வீடு இருக்கிற ஸ்ரௌவ்வில்லில் இருந்து போக ஒரு மணித்தியாலம், வர ஒன்றரை. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. 2023 கோடையோடு அவன் ஏன் கமராவைக் கீழே வைத்தான் என்பதைப் பொய் கலக்காமல் ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் அவன் வீடியோ எடுத்தான், நான் படம் எடுத்தேன். கலியாணம், பெரியபிள்ளையாகும் பிள்ளைக்குச் சாமத்தியவீடு, ஞானஸ்நானம், செத்தவீடு என்று ஸ்காபரோ, மார்க்கம் என்ற ஊர்களில் நாங்கள் நிற்காத மண்டபம் இல்லை. நான் சைவம், அவன் வேதம், கத்தோலிக்கன். ஊர்காவற்றுறையில் இருந்து 1991இல் இந்த நாட்டுக்கு வந்தவன். பார்க்டேலில் ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்து, உணவகத்தில் கோப்பை கழுவி, முதல் கமராவை வாங்கியவன். வாயால் கெட்டவன் இல்லை, மனதாலும் கெட்டவன் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் பெரிய குற்றம் ஒன்று உண்டு. ஒருவருடைய முகம் வீடியோவில் விழாமல் போவது. எங்கள் ஆட்கள் கலியாண வீடியோவை எதற்குப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? தாலி கட்டுவதைப் பார்க்கவா? தாங்கள் வந்து இருந்ததைப் பார்க்கத்தான். ஒரு சித்தப்பாவின் முகம் விழவில்லை என்று இரண்டு குடும்பம் ஐந்து வருடம் பேசாமல் இருந்ததை நான் அறிவேன். அதனால் கிளிபோட் மேசை மேசையாகப் போவான். ஒரு முகத்துக்கு மூன்று செக்கன். சோறு வாய்க்குள் இருந்தாலும் மூன்று செக்கன். யாராவது வெட்கப்பட்டுக் கையால் மறைத்தால் அதற்கும் அவனிடம் மருந்து இருந்தது. "பொம்பிளையின்ரை அப்பா சொன்னவர், எல்லாற்றை முகமும் விழவேணுமாம்" என்பான். கலியாணப் பொம்பிளையின் அப்பா அப்படி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவர் எங்கேயோ ஒரு மூலையில் எல்லாருக்கும் சாப்பாடு காணுமோ காணாதோ என்று வியர்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் வீட்டுக்காரர் சொன்னார் என்றால் எவரும் மறுக்க மாட்டார்கள், கை தானாக இறங்கும். நானும் அதே வசனத்தைத்தான் சொல்வேன். இந்த நகரத்தில் எங்கள் தொழில் செய்கிற எல்லோரும் சொல்வார்கள். அதைப் பொய் என்று நாங்கள் எண்ணியதே இல்லை.

வெர்லீனை நாங்கள் கண்டது ஒரு வேதக் கோயில் கலியாணத்தில்தான். 2009 ஆக இருக்க வேண்டும். சென் வின்சென்ற் தீவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. நெடிய உருவம், எந்நேரமும் நேரான முதுகு. பூசையில் நற்கருணை நன்மை கொடுக்கும் நேரத்தில் எழுந்து பாடத் தொடங்கினார். கிளிபோட் வரிசையை எடுப்பதை விட்டுவிட்டுக் கமராவை அவர் பக்கம் திருப்பி அப்படியே நின்றான். பிறகு வீட்டுக்காரர் கேட்டார்களாம், என்ன தம்பி, எங்கடை ஆக்களை விட உவவைத்தான் கூட எடுத்திருக்கிறாய் என்று. அந்தக் குரலைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. சைவக்காரன் நான், கோயில் கதவடியில் நின்று அழுதிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் கலியாணத்துக்கு அவரைத்தான் கேட்டார்கள். வருடத்துக்குப் பதினைந்து, இருபது கலியாணம். அந்தப் பிள்ளைகளின் பெரியவர்கள் வீட்டுக்குள் கறுப்பினத்தவரைக் குறிக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். கோயிலில் பாடும்போது அவர் அன்ரி, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் அந்தச் சொல். எங்கள் சனத்தின் யோக்கியம் அது.

கிழமை நாட்களில் வெர்லீன் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தார். கிளிபோட்டின் தாயார் றெஜினா அம்மாவைக் கடைசியில் சேர்த்ததும் அங்கேதான், வெர்லீன் வேலை செய்த மாடியில். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, வெர்லீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மா வெர்லீனின் கையால்தான் சாப்பிடுவா.

2020 வசந்தத்தில் கொரோனாவால் இல்லத்துக் கதவு பூட்டப்பட்டது. பிள்ளைகளுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. ஒரு மாடிக்கு இரவில் ஒரேயொரு பராமரிப்பாளர். வெர்லீன் தன் ரெலிபோனைப் பிளாஸ்ரிக் பையில் போட்டு அம்மாவின் காதோடு பிடிப்பார், கிளிபோட் இந்தப் பக்கம் செபமாலை சொல்லுவான். மே மாதம் மூன்றாம் கிழமை அம்மா மூச்சுத் திணறிப் போய்விட்டா. மகன் கண்டது பிரேதத்தைப் பின்கதவால் ஏற்றிக்கொண்டு போன வானை மட்டும்தான். "நான் நிக்கேல்லை வேல் அண்ணை, அவ நிண்டவ" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பான். அந்த இல்லத்தில் அந்த மாதங்களில் முப்பத்தொரு பேர் செத்தார்கள்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் வெர்லீன் பாடத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இல்லத்துக்கு முன்னால் நடைபாதையில் நின்று, யன்னல்களைப் பார்த்தபடி, செத்த முப்பத்தொரு பேரின் பெயர்களையும் தானே கட்டிய மெட்டில் பாடுவார். பாடி முடித்து இரண்டு விஷயம் கேட்பார். ஒரு மாடிக்கு இரண்டு பேர் போடுங்கள். ஏஜென்சியால் வந்து போகிறவர்களை நிரந்தரமாக எடுங்கள். இவ்வளவுதான் அவருடைய அரசியல். மூன்றாம் ஞாயிறு நாற்பது பேர் கூடினார்கள், ஐந்தாம் ஞாயிறு இருநூறு. செய்திக்காரர் வந்தார்கள். அதன் பிறகு இல்லத்து நிர்வாகம் ஒரு கடிதம் ஒட்டியது: இங்கே வேலை செய்கிறவர்கள் இல்லத்தைப் பற்றி வெளியே பேசுவது தண்டனைக்குரியது.

வெர்லீனுக்குப் பின்னால் அங்கே வேலை செய்த ஒன்பது பெண்களும் நின்றார்கள். பிலிப்பைன்ஸ்காரர் நாலு பேர், வெர்லீனைப் போல் தீவுகளில் இருந்து வந்த கறுப்பினப் பெண்கள் நாலு பேர், எங்கள் மன்னார்ப் பிள்ளை செலீன். ஏழு பேர் ஏஜென்சியால் வந்தவர்கள், கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. ஜோய்ஸ்லின் என்ற கிரெனடாத் தீவுக்காரியின் நிலை இன்னும் மோசம். அந்த இல்லத்தின் பெயர் எழுதிய வேலைப் பத்திரத்தில்தான் அவரும் இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டில் இருந்தார்கள். வேலை போனால் நாடும் போகும்.

அதனால் வெர்லீன் அவர்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். தொப்பியைப் புருவம் வரை இழுங்கள், மாஸ்க்கைக் கண் வரை ஏற்றுங்கள். முகம் காட்டுவது நான் ஒருத்தி மட்டும். எனக்கு அறுபது வயது, என் பிள்ளை வளர்ந்துவிட்டான், என்னை வேலையால் நிற்பாட்டினால் நிற்பாட்டட்டும். கொரோனாக் காலம் என்பதால் மாஸ்க்கைப் பார்த்து எவரும் சந்தேகப்படவும் இல்லை. அந்த ஒன்பது பேரின் வேலையும் அந்தத் துணித்துண்டில்தான் இருந்தது.

ஓகஸ்ட் மாதம் கிளிபோட் என்னிடம் வந்தான். "அம்மாவின்ரை பேரையும் பாடுறா அண்ணை. ஒரு நல்ல வீடியோ செய்து குடுக்கவேணும். நீங்களும் வாங்கோ." வெர்லீனிடம் ரெலிபோனில் கேட்டான். "வா, என்னை எடு" என்றார் அவர். என்னை என்றுதான் சொன்னார். கலியாண வீட்டுக்காரர் "எங்களை மட்டும் எடுத்தாக் காணும்" என்று அடக்கமாகச் சொல்வார்களே, அப்படித்தான் அவன் அதை எடுத்துக்கொண்டான்.

அன்று நல்ல வெயில். வெர்லீன் யன்னல்கள் பக்கம் திரும்பி, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒன்பது பெண்களும் வரிசையாக நின்றார்கள். கிளிபோட் வெர்லீனை எடுத்தான், யன்னலில் கை அசைத்த கிழவரை எடுத்தான், பிறகு பழக்கத்தில் வரிசையின் தொடக்கத்துக்குப் போனான். முதலில் நின்றது ஜோய்ஸ்லின். இருபது வருடமாக மேசை மேசையாகச் சொன்னதை அங்கேயும் சொன்னான், ஆங்கிலத்தில்: "மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்கோ. வெர்லீன் சொன்னவ, எல்லாற்றை முகமும் விழவேணுமாம்."

ஜோய்ஸ்லின் வெர்லீனின் முதுகைப் பார்த்தார். வெர்லீன் பாடிக்கொண்டிருந்தார். பாட்டை மறித்துக் கேட்க முடியுமா? ஜோய்ஸ்லின் மாஸ்க்கை நாடிக்கு இறக்கினார். மூன்று செக்கன். அவர் இறக்கியதைக் கண்டு அடுத்தவர் இறக்கினார். செலீன் சிரிக்கவும் சிரித்தாள், தமிழ்ப் பிள்ளை, வீடியோ என்றால் சிரிப்பு வந்துவிடும். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அவன் சொன்னது என் காதில் விழுந்தது. வெர்லீனின் சட்டமும் எனக்குத் தெரியும், அதற்கு முந்தின கிழமைதான் கிளிபோட் அதை எனக்குச் சொல்லியிருந்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்த நேரத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. நல்ல வெளிச்சம் என்று நானும் நாலு படம் எடுத்தேன்.

மூன்று நாள் இருந்து வெட்டி ஒட்டினான். எங்கள் கண்ணீர் அஞ்சலி வீடியோவில் வருகிற மெழுகுதிரி, கீழே செத்தவர்களின் பெயர்கள், இடையிடையே அந்தப் பெண்களின் முகங்கள் மெதுவாக வந்து மறையும். உண்மையைச் சொன்னால் அவன் செய்ததில் மிகத் திறமான வேலை அதுதான். யூரியூப்பில் ஏற்றிக் கொடுக்கும்போது அவனுடைய மகள் ஸ்டெபனி கேட்டிருக்கிறாள்.

"அப்பா, இவையிட்டைப் பெர்மிஷன் எடுத்தனீங்களா? லைக், சைன் ஏதும்?"

"கலியாணத்திலை ஆரும் சைன் வைக்கிறவையே? எல்லாரும் விருப்பத்தோடை காட்டின முகம்தான். ஏத்து பிள்ளை."

நாலு நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் கிளிபோட்டுக்குப் பாராட்டு. புதன்கிழமை யாரோ ஒருவரின் ரெலிபோனில் வெர்லீன் அதைப் பார்த்தார். உடனே கிளிபோட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். சத்தம் போடவில்லையாம், "அந்த முகங்களை எடுத்துவிடு, இப்பவே" என்று மட்டும் சொன்னாராம். அப்போதுதான் அந்தச் சட்டம் நினைவுக்கு வந்து அவனுக்குத் தலையில் இடி விழுந்தது. அரை மணித்தியாலத்தில் வீடியோவை அழித்தான். ஆனால் இல்லத்து அலுவலகத்தில் திங்கட்கிழமையே அதை எடுத்து வைத்துவிட்டார்கள். பெரிய ரீவியில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள் என்று செலீன் பிறகு சொன்னாள். ஒரு முகத்தை அடையாளம் காண மூன்று செக்கன் தாராளம்.

வெள்ளிக்கிழமை வெர்லீனுக்கு வேலையில் இருந்து நிறுத்தும் கடிதம். ஜோய்ஸ்லினுக்கும் கடிதம். செலீனுக்குக் கடைசி எச்சரிக்கை. ஏஜென்சிப் பெண்கள் ஏழு பேருக்கும் கடிதம் கூட இல்லை, ஷிப்ட் இல்லை என்று ஒரு குறுஞ்செய்தி. அடுத்த கிழமையும் ஷிப்ட் இல்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

வெர்லீன் தன் வேலை போனதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கு அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். அந்தக் கிழமையே ஜோய்ஸ்லினின் வீட்டுக்கு ஓடினார். ஒன்பது பேரும் அங்கே கூடியிருந்தார்கள். நடந்ததைச் செலீன்தான் எங்களுக்குச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் சோபாவில் இருக்க, அவர்களுக்கு முன்னால் ஜோய்ஸ்லின் கேட்டாராம்: "உனக்குப் பின்னால் ஒரு கூட்டம் தெரிய வேண்டும் என்று எங்கள் முகங்களை விற்றாயா?"

"நான் சொல்லவில்லை. மாஸ்க்கை இறக்கு என்று நான் எவரிடமும் சொல்லவில்லை" என்றாராம் வெர்லீன்.

"அந்த மனிதன் உன் பெயரைத்தான் சொன்னான். எங்கள் ஒருவரின் பெயரும் அவனுக்குத் தெரியாது. அவன் ஏன் பொய் சொல்ல வேண்டும்?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எவரிடமும் பதில் இருக்காது, ஸ்காபரோத் தமிழ் வீடியோக்காரரைத் தவிர. ஜோய்ஸ்லின் அதன் பிறகு வெர்லீனைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த ஞாயிறு வெர்லீன் தனியாக நின்று பாடினார். அதற்கடுத்த ஞாயிறும் தனியாக. பின்னால் ஒருவரும் இல்லை என்றதும் செய்திக்காரரும் வரவில்லை. செப்டெம்பர் கடைசியில் பாட்டு நின்றது. அந்த இல்லத்தில் இன்றைக்கும் மாடிக்கு ஒருவர்தான்.

செலீன் பொல்லாத பிள்ளை இல்லை. ஒக்டோபரில் ஒரு நாள், பூசை முடிந்து வரும்போது, கோயில் கார்த் தரிப்பிடத்தில் கிளிபோட்டை மறித்திருக்கிறாள். "அங்கிள், ஒண்டு கேக்கவேணும். உண்மையாவே வெர்லீன் அன்ரியோ அப்பிடிச் சொன்னவ?"

இவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அப்பிடித்தான் பிள்ளை விளங்கினது" என்றிருக்கிறான்.

இதை அன்றைக்கே என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னான். முதல் சொன்னது தொழில் பழக்கம், வாய் தவறி வந்தது. அதை நான் மன்னிப்பேன். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. "போய்ச் சொல்லடா" என்று கத்தினேன். "அண்ணை, நீங்களும் நிண்டனீங்கள்தானே, நீங்கள் சொல்லுங்கோவன்" என்றான். நான் வாயை மூடினேன். அவன் சொல்லட்டும் என்று நானும், அண்ணை சொல்லட்டும் என்று அவனும் இருந்தோம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அவனுடைய மனைவி கிளடிஸ் அன்று எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. "இஞ்சேருங்கோ, இப்ப போய்ச் சொல்லி ஆருக்கு என்ன வரப்போகுது? போன வேலை திரும்பி வருமே? ஆரும் கேஸ் போட்டால் ஆர் வந்து நிக்கிறது? இரத்தினவேல் அண்ணை, நீங்களும் கிளறாதேங்கோ." கிளடிஸ் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் இருவருக்கும் அந்த நியாயம் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் கிளிபோட் பாவசங்கீர்த்தனம் செய்தான். சுவாமியார் ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொன்னாராம், போய் அந்தப் பெண்களிடமும் சொல்லு என்றாராம். இவன் ஐந்து பரலோக மந்திரத்தையும் அங்கேயே முழந்தாளில் நின்று சொல்லி முடித்தான். மற்றதை விட்டுவிட்டான். அன்று கன நாளைக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டேன் என்று என்னிடம் சொன்னபோது அவனுடைய கன்னத்தில் அறையத் தோன்றியது.

வெர்லீனின் பாட்டுத் தொழிலும் அந்த மாரிக் குளிரோடு போனது. எவரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். "உவ பிரச்சினைக்காரியாம், தன்னோடை நிண்ட பொம்பிளையளையே காட்டிக் குடுத்தவவாம்" என்று கதை கோயில் கோயிலாகப் போனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வெள்ளைக்காரருக்கு அவர் சத்தம் போடுகிறவர், கறுப்பினத்தவருக்கு அவர் காட்டிக் கொடுத்தவர், எங்கள் சனத்துக்கு இரண்டும். அந்த வருடம் கலியாணம் நிச்சயமான ஒரு பொம்பிளைப் பிள்ளை, தன் கலியாணத்தில் பாடுவதற்கு வெர்லீன் அன்ரியைப் பிடித்துத் தருவீர்களா என்று கிளிபோட்டிடம் கேட்டாள். இவன், "அவவுக்கு நேரமில்லைப் பிள்ளை" என்றான். கோயிலில் அவருடைய முகத்துக்கு நேரே கமராவைப் பிடிக்க இவனால் முடியாது. அதற்காக அவருடைய பிழைப்பிலும் மண் போட்டான்.

2022 பெப்ரவரியில் ஜோய்ஸ்லின் பிள்ளைகளோடு கிரெனடாவுக்குத் திரும்பினார். வேறு வேலை தேடிப் பார்த்தார், பத்திரம் மாற்றித் தர ஒருவரும் இல்லை. விமான நிலையத்துக்கு வருகிறேன் என்று வெர்லீன் செய்தி அனுப்பினாராம். வர வேண்டாம் என்று பதில் வந்ததாம்.

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் கிளிபோட் கலியாணம் எடுத்தான். ஆனால் மேசைகளுக்குப் போக மாட்டான். தூரத்தில் நின்று பொதுவாக எடுப்பான். முகம் விழவில்லை என்று சனம் சண்டைக்கு வந்தது, ஓடர்கள் குறைந்தன.

2023 மே மாதம் றெஜினா அம்மாவின் மூன்றாம் ஆண்டுப் பூசை. அதற்கு வெர்லீன் பாட வேண்டும் என்று அவனுக்கு ஒரு ஆசை வந்தது. எந்த முகத்தோடு கேட்டானோ தெரியாது, ரெலிபோன் எடுத்துக் கேட்டான். வெர்லீன் சொன்னாராம்: "உன் அம்மாவுக்காகச் செபிக்கிறேன். ஆனால் நான் இப்போது பாடுவதில்லை. தேவாலயத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை."

சுவாமியார் சொல்லியும் அசையாதவன் அந்த ஒரு வசனத்தில் உடைந்தான். என்னிடம் வந்து இருந்து பிள்ளை மாதிரி அழுதான். அடுத்த நாள் சனிக்கிழமை, மத்தியானம், இருவரும் போனோம்.

லோறன்ஸ் வீதியில் பழைய தொடர்மாடி ஒன்றில் பதினோராவது மாடி. வெர்லீன் கதவைத் திறந்து, இருவரையும் பார்த்து, உள்ளே விட்டார். இருக்கச் சொன்னார். கிளிபோட் இருக்கவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். கலியாண வீடுகளில் சொல்லும் வசனம், அன்று ஜோய்ஸ்லினிடம் சொன்னது, பிறகு செலீனிடம் சொன்னது. வெர்லீன் இறுதிவரை கேட்டார்.

"தெரியும்" என்றார் கடைசியில். "நான் சொல்லாததை நீ நான் சொன்னதாகச் சொல்லியிருக்கிறாய் என்று ஜோய்ஸ்லின் வீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ வந்து அவர்களிடம் சொல்வாய் என்று முதலில் ஒரு கிழமை பார்த்தேன். பிறகு ஒரு மாதம் பார்த்தேன். ஜோய்ஸ்லின் விமானம் ஏறும் நாள் வரைக்கும் பார்த்தேன். உன் அம்மாவின் மகன், வருவாய் என்றுதான் நினைத்தேன்."

"ஏன் நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை?" என்றான் இவன்.

"கேட்டு வாங்கினால் அவர்கள் அதை நம்புவார்களா? நான் சொல்லிக் கொடுத்தேன் என்றுதான் சொல்வார்கள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் அங்கே நின்றாயே."

ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அவர் எழுந்து போய் ஒரு கடதாசியில் ஒன்பது பெயரும் ஒன்பது இலக்கமும் எழுதிக்கொண்டு வந்தார். இரண்டு வருடமாக அவர்கள் எவரும் அவரோடு பேசுவதில்லை, ஆனால் மாறிய இலக்கங்களும் அவரிடம் இருந்தன. "எனக்குச் சொல்லி ஒன்றும் இல்லை. இவர்களுக்குச் சொல்" என்றார்.

என் வீட்டு நிலக்கீழறையில் இருந்து இரண்டு கிழமையாக ரெலிபோன் எடுத்தோம். மூன்று இலக்கம் வேலை செய்யவில்லை. ஆறு பேர் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் அவன் சொன்னான், பிறகு நான், அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்று கேட்டேன், கிளிபோட் சொல்வது உண்மை என்று சொன்னேன். பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு "ஓகே" என்று வைத்துவிட்டார். இன்னொருவர் திட்டினார், அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. செலீன், "அண்டைக்குக் கேட்டனான் அங்கிள்" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியாகக் கிரெனடா. ஜோய்ஸ்லின் எடுத்தார். கிளிபோட் சொல்லி முடித்ததும், "அப்படியென்றால் வெர்லீன் ஒன்றும் சொல்லவே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. நான்தான்."

"என் மகள் அன்றைக்கு அங்கே இருந்தவள். வெர்லீனை நான் சொன்ன சொல்லைக் கேட்டவள். இதை அவளுக்கு நீயே சொல்லு" என்று ரெலிபோனைக் கைமாற்றினார். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் குரல் ஒன்று ஹலோ என்றது. அந்தப் பிள்ளைக்கு அவன் முதலில் இருந்து எல்லாம் சொன்னான். நான் பொய் சொன்னேன், உன் அம்மாவின் வேலை என்னால் போனது, வெர்லீன் அன்ரி ஒரு பிழையும் செய்யவில்லை. அவனுடைய சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளை "சரி" என்றது. ரெலிபோன் நின்றது.

அன்று பின்னேரம் மூன்று மணிபோல் வெர்லீனிடம் போனோம். அவர் ரவுணில் அலுவலகங்கள் துப்பரவு செய்யும் வேலைக்குப் போக ஆயத்தமாக நின்றார். கிளிபோட்டின் முகத்தில் இரண்டு வருடமாக நான் காணாத தெளிவு. வாசலில் நின்றபடியே சொன்னான். ஆறு பேரோடு பேசியாகிவிட்டது, எல்லோரும் நம்புகிறார்கள், ஜோய்ஸ்லினின் மகளுக்கும் சொல்லியாகிவிட்டது, உங்கள் மேல் இப்போது ஒருவருக்கும் கோபம் இல்லை.

வெர்லீன் ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஜோய்ஸ்லின் என்னோடு பேச வேண்டும் என்று சொன்னாளா?"

கிளிபோட் என்னைப் பார்த்தான்.

"வேறு யாராவது?"

சொல்லவில்லை என்று சொன்னாலாவது அது ஒரு பதில். நாங்கள் கேட்கவே இல்லை. எங்கள் நெஞ்சில் இருந்ததை இறக்குகிற அவசரத்தில், வெர்லீன் உங்களோடு பேசலாமா, அவருக்கு நீங்கள் ஒருக்கால் எடுப்பீர்களா என்று ஆறு பேரில் ஒருவரிடமும் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

"கேக்கேல்லை" என்று தமிழிலேயே சொன்னான் கிளிபோட். அவருக்கு அது விளங்கிவிட்டது.

வெர்லீன் மற்றச் சப்பாத்தையும் போட்டு, கதவைப் பூட்டி, எங்களோடு லிஃப்டில் இறங்கினார். எங்கள் வானில் ஏற்றிக்கொண்டுபோய் விடுகிறோம் என்றோம். பஸ் வரும் என்றார். வீதியைக் கடந்து தரிப்பிடத்தில் போய் நின்றார். பஸ் வர இருபது நிமிடம் எடுத்தது. நாங்கள் வானை எடுக்காமல் இந்தப் பக்கத்திலேயே இருந்தோம். அந்த இருபது நிமிடமும் அவர் ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.